ஐடி கார்டைத் திருப்பிக் கொடுத்த மகளுக்கு

அன்பு மக்களே,

நேற்று போனில் நீ சொன்னது ராத்திரி என்னை உறங்க விடவில்லை. உன் வேலை போனதை நான் சொல்லவில்லை. அது போகும், வரும். "ஐடி கார்டைக் கழற்றிக் கொடுத்ததும் நான் யாருன்னே தெரியலப்பா" என்றாயே, அதுதான். போனில் எனக்குப் பேச்சு வராது. விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய் ரப்பர் மரங்களில் பால் வெட்டிவிட்டு வந்தேன். பாலெடுக்க இன்னும் நேரம் இருக்கிறது.

உன் தாத்தா பிறந்தது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில். 1949ல் அது திருக்கொச்சி ஆயிற்று, 1956 நவம்பர் 1ல் மதராஸ் மாநிலம், 1969ல் தமிழ்நாடு. மனுஷர் களியக்காவிளைப் பக்கத்து இந்தத் திண்ணையை விட்டு நகரவே இல்லை.

எனக்கு அந்த நிதானம் கிடையாது. இருபது வயதில் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு கடையில் கணக்கெழுதினேன். தமிழர்களை இளக்காரமாகப் 'பாண்டி' என்பார்கள். கேட்கக் கூசி, அச்சு அசலாக மலையாளம் பேசப் பழகினேன். ஒருநாள் தாத்தா தோளில் மரச்சீனிக் கிழங்குக் கட்டோடு கடைவாசலில் வந்து நின்று, நம் பக்கம் பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவதுபோல "மக்களே" என்றார். யாரென்று முதலாளி கேட்டார். "ஊர்க்காரர் ஒருத்தர்" என்றேன், மலையாளத்தில். தாத்தாவுக்கு மலையாளம் நன்றாகவே தெரியும். கட்டை இறக்கி வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

அந்தச் சனிக்கிழமை குடும்ப ஜெபத்தில் பைபிளின் ஆதியாகமம் முதல் அதிகாரத்தை என்னை வாசிக்கச் சொன்னார். "தேவன் தம்முடைய சாயலாக மனுஷனைச் சிருஷ்டித்தார்" என்ற இடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்புறம் எத்தனையோ தடவை வாசித்துவிட்டேன். சாயல் முதல் அதிகாரத்தில் வருகிறது. ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் அவனை வைத்தது இரண்டாம் அதிகாரத்தில்தான். அதிலும் பார், ஆறாம் நாள் படைக்கப்பட்டவனுக்கு விடிந்த முதல் முழுநாளே ஓய்வுநாள்! ஒரு வேலையும் செய்து காட்டாதவனைக் கடவுள் தம்மோடு ஓய்ந்திருக்க வைத்தார்.

இதைப் பிரசங்கப் பேச்சு என்று தள்ளிவிடாதே. நம் பெண்கள் மாரை மறைக்கக் கூடாது என்றிருந்த ஊர் இது. மிஷன் பள்ளியில் வேதம் வாசித்தவர்கள் தோள்சீலை போட்டார்கள். மேல்சாதிக்காரர்கள் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். மறுபடி போட்டார்கள். 1859ல்தான் திருவிதாங்கூர் மன்னர் இறங்கி வந்தார், அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற வாலோடு.

கடவுள் என்னை எதற்குப் படைத்தார் என்றும் கேட்டாய். எனக்குத் தெரியாது. (உனக்காகத் தரிசனம் கண்டேன் என்று யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடு.) எனக்குக் கொடுத்தது நாற்பது மரம். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் புண்பட்டு முடிச்சு விழும். மேலோட்டமாகப் போனால் பால் வராது. அந்த நூலிழைக்குள் கை நிற்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. உனக்கென்று உள்ளதை இந்த வாரமே கண்டுபிடித்தாக வேண்டுமா?

நாகர்கோவில் ரயிலில் ஏறி வா. ஸ்டேஷனில் பைக்கோடு நிற்பேன். யார் கேட்டாலும் "என் மக" என்பேன், சத்தமாகவே.

பால் பிடிக்கும் சிரட்டை நிறைந்திருக்கும். மழை வேறு கறுக்கிறது. போகிறேன்.

அப்பா