குச்சி எடுத்த பிறகு வெட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை வெயிலிலும் ஆப்பிள் காய்க்கும் என்று சில வாரங்களுக்கு முன் உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்துவிட்டு, எங்கள் தெருவில் இரண்டு பேர் கன்று எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் சமயநல்லூரில் ஆப்பிள் கன்று வாங்கி ஏமாந்த முதல் ஆள் நான்தான். அந்தக் கதையோடு, அதைவிட அவசரமான இன்னொன்றையும், கொடைக்கானல் மலையில் வெட்டுப்படுகிற பழைய பேரி மரங்களைப் பற்றி, சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அரசுப் பேருந்தில் 29 ஆண்டுகள் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பாதிக்கு மேல் ஆரப்பாளையம் – கொடைக்கானல் தடம். வாடிப்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, காட்ரோடு, ஊத்து, பெருமாள்மலை என்று இப்போதும் தூக்கத்தில் நிறுத்தம் சொல்வதாக வீட்டில் கேலி செய்வார்கள். பெண் எடுத்ததும் மலையில்தான், வில்பட்டியில். மாமனார் பேரி மரத்துக்கு ஒட்டுக் கட்டுகிறவர், அதாவது நல்ல மரத்துக் குச்சியை வேறொரு நாற்றின் மேல் பொருத்தி வளர்க்கிறவர். சுற்று வட்டாரத்தில் அவர் கை படாத தோட்டம் குறைவு.

முதலில் ஆப்பிள். நான்கு வருடத்துக்கு முன் வேனில் கன்று விற்றுக்கொண்டு வந்தார்கள். ஒன்று 350 ரூபாய் என்று மூன்று வாங்கினேன். ஒன்று அந்தச் சித்திரையைத் தாண்டவில்லை. இரண்டாவது மளமளவென்று வளர்ந்தது. ஆள் உயரம் வந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். ஒட்டுக்கு மேலே இருந்த ஆப்பிள் குச்சி எப்போதோ காய்ந்து சுள்ளியாகிவிட்டது. ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து வந்த துளிர்தான் மரமாகி நிற்கிறது. இரண்டு வருடம் நான் தண்ணீர் ஊற்றியது அதற்குத்தான். ஒட்டுக் கட்டுகிறவர் வீட்டு மருமகனுக்கு இது வெட்கக்கேடு. மாவோ சப்போட்டாவோ, எந்த ஒட்டுக் கன்று வைத்தாலும் வாரம் ஒரு தடவை அந்த முடிச்சுக்குக் கீழே ஒரு பார்வை பாருங்கள். துளிர் தெரிந்தால் உடனே கிள்ளிவிடுங்கள்.

மூன்றாவது கன்று உண்மையான ஆப்பிள்தான். ஆனால் இலையை உதிர்க்கவே இல்லை. ஆப்பிளும் பேரியும் குளிரில் தூங்கி எழுகிற சாதி. இலையைக் கொட்டிவிட்டு, 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் கிடந்தால்தான் மொட்டு கண் விழிக்கும். காஷ்மீர், இமாசல் பக்கத்துப் பழைய ரகங்களுக்கு ஆயிரம் மணி நேரம்கூடத் தேவைப்படும். மதுரையில் தை மாத விடியற்காலையில் நாம் மப்ளர் கட்டிக்கொள்வோம், சரி, ஆனால் 7 டிகிரி என்பதை இந்த ஊர் கண்டதில்லை. குளிர் குறைவாகக் கேட்கிற ரகங்களும் இருக்கின்றன. இஸ்ரேலில் உருவான அன்னா அப்படி ஒன்று. இமாசலில் பிலாஸ்பூர் மாவட்டத்து விவசாயி ஹரிமன் சர்மா கண்டெடுத்த எச்.ஆர்.எம்.என்.-99 இன்னொன்று. தூக்கி எறிந்த விதையில் முளைத்த ஒரு செடியை ஒட்டுக் கட்டிப் பெருக்கிய மனிதர் அவர். 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆக, உங்கள் செய்தி பொய் இல்லை. அந்தக் கன்றுதான் நம் வீட்டு வாசலுக்கு வேனில் வருகிறதா என்பதுதான் கேள்வி.

ஜாவா தீவில் மலாங் பக்கம் ஒரு மலையூரில் ஆப்பிள் மரத்து இலைகளைக் கையாலேயே உருவிவிட்டு, வருடத்துக்கு இரண்டு தடவை காய்க்க வைக்கிறார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். போன மார்கழியில் நானும் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி உட்கார்ந்து, ஓர் இலை விடாமல் உருவினேன். நல்லா இருந்த செடியை மொட்டையடிக்கிறீர்களே என்று என் மனைவி அன்று முழுக்கப் பேசவில்லை. மூன்று வாரம் கழித்து ஐந்து பூ வந்தது. இரண்டு பிஞ்சு நின்றது. எலுமிச்சை அளவில் ஒன்றை அணில் கொண்டுபோனது. மற்றதை நான்கு துண்டாக நறுக்கி வீட்டில் எல்லோரும் தின்றோம். ருசியைப் பற்றிக் கேட்காதீர்கள், வாயில் பஞ்சு. ஆசைக்கு ஒரு மரம் வைக்கலாம். வீட்டுக்குப் பழம் வேண்டும் என்றால் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் பேரிக்காய் வாங்குங்கள்.

சொல்ல வந்தது அந்தப் பேரிக்காயைப் பற்றித்தான். ஆடி, ஆவணியில் வண்டி மலையிலிருந்து இறங்கும்போது மேலே பாதி மூட்டை பேரிக்காயாகத்தான் இருக்கும். லக்கேஜ் டிக்கெட் கிழித்தே விரல் வலிக்கும். கூறு போட்டு, கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி மதுரைக்காரர்கள் அதைக் காயாகவே கடித்துத் தின்று தீர்த்துவிடுகிறார்கள். பெயரையும் பேரிக்காய் என்றே வைத்துவிட்டோம். ஆனால் விளைந்த காயை அரிசிப் பானைக்குள் ஒரு வாரம் புதைத்து வைத்துப் பாருங்கள். பேரியை மரத்திலேயே பழுக்க விடக்கூடாது, நடுவிலிருந்து அழுகிவிடும். விளைந்ததும் பறித்து வீட்டில் பழுக்க வைக்க வேண்டும் என்பார் மாமனார்.

1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை கொடைக்கானலும் மதுரை மாவட்டம்தான். 1845இல் அங்கே முதல் பங்களாக்களைக் கட்டியது மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன்காரர்கள். 1863இல் ஏரியை வெட்டியது மதுரையில் கலெக்டராக இருந்த லெவிஞ்ச். பேரியும் பிளம்ஸும் இப்படி வெள்ளைக்காரர்களோடு மலையேறிய மரங்கள். ஆனால் அதைக் கட்டிக் காத்தவர்கள் பெயர் எழுதி வைக்காத நம் ஆட்கள்.

என் மாமனார் ஒட்டுக் கட்டுவதை ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மார்கழிக் கடைசி, மரத்தில் ஓர் இலை கிடையாது. பென்சில் கனத்தில் போன வருடத்துக் குச்சியாகப் பார்த்து, மூன்று மொட்டு வருகிற மாதிரி நறுக்கினார். கத்தி, சவரக்கடையில் கழித்துப் போட்ட பழைய சவரக்கத்தி. குச்சியின் அடியை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் ஒரே இழுப்பில் சீவினார். இரண்டாவது இழுப்பு இழுத்தால் அந்தக் குச்சியைத் தூக்கிப் போட்டுவிடுவார். நாட்டுப் பேரி நாற்றைத் தலை வெட்டி, நடுவில் பிளந்து, ஆப்பைச் செருகினார். நாற்று கட்டைவிரல் கனம், குச்சி அதில் பாதி. நான் நடுவில் வைப்பார் என்று நினைத்தேன். அவர் ஒரு ஓரமாக ஒதுக்கி வைத்தார். "மாப்ளே, பட்டைக்கு அடியில பச்சையா ஒரு கோடு தெரியுதுல்ல, உசுரு அங்கதான் இருக்கு. இந்தப் பச்சையும் அந்தப் பச்சையும் தொட்டாத்தான் ஒட்டும். நடுவுல இருக்கிறது வெறும் விறகு" என்றார். அப்புறம் பாலிதீன் நாடாவை இறுக்கிச் சுற்றி, மேல் வெட்டில் தேன்மெழுகை உருக்கித் தடவினார். அவருடைய அப்பா காலத்தில் வாழைநாரும், செம்மண்ணும் சாணியும் குழைத்த பூச்சும்தானாம்.

விதை போட்டால் பிள்ளை மாதிரி. அப்பன் ஜாடையும் வரலாம், அத்தை ஜாடையும் வரலாம். நல்ல பேரியின் விதையில் நல்ல பேரி வரும் என்று சொல்லவே முடியாது. ஒட்டு அப்படி இல்லை. அதே மரம்தான் வேறு காலில் நிற்கிறது. அதனால்தான் ஒரு பழைய மரத்தை வெட்டுகிறபோது, அதிலிருந்து குச்சி எடுத்து வேறெங்கும் கட்டாமல் இருந்தால், அந்தப் பழம் உலகத்திலிருந்தே போய்விடும்.

மாமனார் தோட்டத்தில் அப்படி ஒரு மரம் நின்றது. மாமியார் அதற்குக் கல்கண்டு என்று பெயர் வைத்திருந்தார். மாசியில் பூத்தால் தூரத்துக்கு வெள்ளைவெளேர் என்று இருக்கும், கிட்டே போனால் லேசாக மீன் கவிச்சி அடிக்கும். பேரிப் பூவின் வாசனையே அதுதான். உச்சிக் கொப்புகளில் இருக்கிற காயை மாமனார் பறிக்க மாட்டார். ஏணி எட்டாதது காரணமா, தர்மம் காரணமா என்று கேட்டால் சிரிப்பார். விடியற்காலையில் குக்குறுவானும் கொண்டைக்குருவியும் அங்கே கொத்திக்கொண்டிருக்கும். மலையணில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தின்னும். இருட்டிவிட்டால் வௌவால். கீழே விழுந்து நொதித்ததில் பட்டாம்பூச்சி உட்கார்ந்து உறிஞ்சும். பக்கத்தில் போனாலும் எழாது, போதை போல. ராத்திரி காட்டுமாடு வந்து நின்று கீழே கிடப்பதை எல்லாம் சுத்தமாகப் பொறுக்கிவிட்டுப் போகும். ஒரு வருடம் கீழ்க்கொப்பு இரண்டை முறித்தும் விட்டது. அப்போது மாமனார் அதைத் திட்டிய வார்த்தைகளைப் பத்திரிகையில் எழுத முடியாது. ஆனாலும் வேலி போடவில்லை.

அவர் காலமான பிறகு இடம் கைமாறியது. மச்சினன்மார்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை, பேரிக்காய் விற்ற காசில் பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாது. வாங்கியவர் காட்டேஜ் கட்டப் போகிறார் என்று சேதி வந்தபோது வைகாசி. ஓடினேன். மரம் முழுக்க இலை, பிஞ்சு. அந்தப் பருவத்தில் வெட்டிய குச்சி ஒட்டுப் பிடிப்பதற்குள் இலை வழியாகவே தண்ணீரை இழந்து வாடிவிடும். இலைக்காலத்தில் குச்சிக்குப் பதிலாக ஒரு மொட்டு மட்டும் உரித்துக் கட்டலாம். அதற்குத் தேர்ந்த கை வேண்டும், தயாராக நாற்றும் வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை. இருந்தாலும் மனசு கேட்காமல் ஐந்து குச்சி எடுத்து ஒட்டிப் பார்த்தேன், ஐந்தும் கருகிப்போனது. மார்கழி வரைக்கும் பொறுங்கள், குச்சி எடுத்துக்கொள்கிறோம், அப்புறம் உங்கள் இஷ்டம் என்று அந்த மனிதரிடம் போனில் கேட்டேன். பார்க்கலாம் சார் என்றார். ஐப்பசியில் ஜேசிபி வந்துவிட்டது.

என் கோரிக்கை அவ்வளவுதான். மலையில் பழைய பழத்தோட்டம் வாங்குகிறவர்களில் மதுரைக்காரர்களும் உண்டு, உங்கள் வாசகர்கள். கட்டடம் கட்டாதீர்கள் என்று நான் சொன்னால் கேட்கவா போகிறீர்கள்? மார்கழி, தை வரும்வரை அந்த ஒரு மரத்தை மட்டும் விட்டு வையுங்கள். அக்கம்பக்கத்தில் ஒட்டுக் கட்டத் தெரிந்தவர் ஒருவருக்குச் சொல்லி அனுப்புங்கள். பத்துக் குச்சி நறுக்க அரை மணி நேரம் ஆகும். தோட்டக்கலைத் துறையும் கொடைக்கானலில் இருக்கிற ஆராய்ச்சி நிலையமும் இப்படி விற்பனைக்கு வருகிற தோட்டங்களின் பழைய மரங்களில் குச்சி எடுத்து ஓரிடத்தில் கட்டி வைத்தால் இன்னும் நல்லது. கட்டும்போது உச்சிக் கொப்பைப் பறவைக்கு விடுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

கீழ்நாட்டில் ஒட்டுக் கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு ஆப்பிள் எதற்கு? பாலை மரத்து நாற்றில் சப்போட்டாவைக் கட்டுங்கள், காட்டு இலந்தையில் சீமை இலந்தையைக் கட்டுங்கள். நம் மண்ணுக்குப் பழகிய வேர், தண்ணீர் கேட்டு உயிரை எடுக்காது. சப்போட்டாவுக்கு வௌவால் தவறாமல் வரும். வராண்டாவில் கொட்டை துப்பும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்கண்டு விஷயத்தில் ஒன்று பாக்கி இருக்கிறது. போன ஆவணியில் பெருமாள்மலையில் ஒரு டீக்கடையில் இறங்கினேன். கடைக்காரர் பின்னால் போய் ஒரு காயைப் பறித்து வந்து, கீறி, உப்பு மிளகாய் போட்டுக் கொடுத்தார். கடித்த உடனே தெரிந்துவிட்டது. ஏது இந்த மரம் என்று கேட்டால் அவர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். "வில்பட்டி ஐயா குடுத்து விட்ட குச்சிதானே. ஈரச் சாக்குல சுத்தி நீங்கதான பஸ்ஸுல கொண்டாந்து குடுத்தீங்க" என்றார். எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. இருபத்தைந்து வருடம் இருக்கும். டிக்கெட் பைக்குப் பக்கத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ கட்டு கொண்டுபோயிருக்கிறேன்.

வருகிற மார்கழியில் குச்சி வெட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். வில்பட்டியில் சின்ன மச்சினன் நாட்டுப் பேரி நாற்று ஆறு தயார் பண்ணி வைத்திருக்கிறான். பெருமாள்மலையிலிருந்து பஸ்ஸில்தான் கொண்டுபோக வேண்டும். இந்தத் தடவை நானே டிக்கெட் எடுக்க வேண்டும். கட்டுக்கு லக்கேஜ் போடுவானா என்றுதான் யோசனையாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்,
சமயநல்லூர், மதுரை மாவட்டம்