மீசை ஒட்டிய வயோலா

ஆசிரியருக்கு,

கடந்த வாரம் எங்கள் ஊர்ப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஆண்டு விழாவில் ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தைத் தமிழில் நடித்தார்கள். அவர் காலத்தில் பெண் வேடங்களையும் சிறுவர்களே கட்டினார்கள். இங்கே ஆண் வேடமெல்லாம் மாணவிகளுக்கு. ஆணாக மாறுவேடம் பூண்ட வயோலாவிடம் ஒலிவியா காதலைச் சொல்லும் கட்டத்தில், வயோலாவின் மீசை ஒரு பக்கம் பெயர்ந்து தொங்கியது. அந்தப் பெண் அசரவில்லை. முறுக்கிவிடுவதுபோல விரலால் அழுத்தி ஒட்டிக்கொண்டு அடுத்த வசனத்துக்குப் போனாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் பேசிய பாவம், கடைசிக் காட்சியின் தலையில் விடிந்தது. பாதியிலேயே திரையை இழுத்துவிட்டார்கள். பிரிந்த இரட்டையரான வயோலாவும் அவள் சகோதரனும் சந்திப்பதைப் பார்க்காமலே வீடு திரும்பினோம். அடுத்த ஆண்டாவது பேச்சை நாடகத்துக்குப் பின் வைத்துக்கொள்ளக் கூடாதா?

– ஒரு மாணவியின் தாத்தா, தஞ்சாவூர்