‘கிறிஸ்மஸ் கரோல்’: டிக்கன்ஸ் கையில் நின்றது எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் இதழில் ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்மஸ் கரோல்’ பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் இந்த ஒரு பேய்க்கதைதான் அவரைப் பணக்காரராக்கியது என்று அதில் சொல்லியிருப்பது சரியல்ல. 1843 டிசம்பர் 19 அன்று வெளியான நூலின் முதல் 6,000 பிரதிகள் கிறிஸ்மஸுக்குள் விற்றுத் தீர்ந்தது உண்மை. விற்பனை வேறு, கையில் நின்ற காசு வேறு.

அப்போது மாதத் தொடராக வந்துகொண்டிருந்த ‘மார்ட்டின் சஸ்ஸல்விட்’ எதிர்பார்த்தபடி ஓடவில்லை. மாதாமாதம் கொடுத்துவந்த தொகையில் 50 பவுண்டு பிடிக்க நேரும் என்று பதிப்பாளர்களான சாப்மன் அண்டு ஹால் பேச்செடுத்திருந்தார்கள். வீட்டில் ஐந்தாவது குழந்தை பிறக்கவிருந்தது. ஆறே வாரத்தில் எழுதி முடித்த இந்தக் கதையை டிக்கன்ஸ் ஒரு தொகைக்குக் கொடுத்துவிடவில்லை. செலவு முழுக்கத் தன்னுடையது, லாபமும் தன்னுடையது, பதிப்பாளருக்குக் கமிஷன் மட்டும் என்று பேசிக்கொண்டார்.

அங்கேதான் கணக்கு உதைத்தது. புத்தகத்தின் தோற்றத்தில் அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. துணி அட்டை, அதில் பொன்னெழுத்து, தாள்களின் விளிம்பில் தங்கப்பூச்சு. ஜான் லீச் வரைந்த எட்டுப் படங்களில் நான்கு மரச்செதுக்குகள்; அவை எழுத்தோடு சேர்ந்து கறுப்பு மையில் அச்சாகிவிடும், செலவு குறைவு. மற்ற நான்கும் உலோகத் தகட்டில் பொறித்துத் தனியே அச்சிட்டு, ஒவ்வொரு தாளிலும் கையால் வண்ணம் தீட்டியவை. 6,000 பிரதிக்கு அப்படி 24,000 தாள்கள். வண்ணக்கூலி மட்டும் 120 பவுண்டு. நூல் முழுவதற்குமான அச்சுக்கூலியே அதைவிடக் குறைவு. பைண்டிங்குக்கு 180. கடைசி நேர மாற்றங்கள் வேறு. அட்டைக்குள் ஒட்டிய பச்சைத் தாளில் சாயம் நிற்கவில்லை, தொட்டால் கையில் வந்தது; அதை எடுத்துவிட்டு மஞ்சள் போட்டார்கள். சிவப்பும் பச்சையுமாக அச்சிட்ட முகப்புப் பக்கம் பிடிக்காமல் போய், சிவப்பும் நீலமுமாக மாறியது. இத்தனைக்கும் விலை 5 ஷில்லிங்தான் (ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங்). கதையில் வரும் குமாஸ்தா பாப் கிராட்சிட்டின் வாரச் சம்பளம் 15 ஷில்லிங் என்பதால் அவர் வீட்டுக்கு அது பெரிய விலை. தயாரிப்புச் செலவோடு பார்த்தால் கட்டுப்படியாகாத விலை.

1,000 பவுண்டு வரும் என்று நம்பியிருந்தவருக்கு முதல் 6,000 பிரதிகள் தந்தது 230 பவுண்டு. அடுத்த ஆண்டு இறுதி வரைக்கும் சேர்த்தே 726தான்.

இதற்குள் 1844 ஜனவரியில் கதையை லேசாக மாற்றி எழுதி, இரண்டு பென்ஸுக்கு விற்கத் தொடங்கிவிட்டது ‘பார்லீஸ் இல்லுமினேட்டட் லைப்ரரி’ என்ற பத்திரிகை. டிக்கன்ஸ் வழக்குப் போட்டார், ஜெயித்தார். எதிராளிகள் திவால் என்று கையை விரித்ததால் நஷ்டஈடு வரவில்லை. செலவுத் தொகை சுமார் 700 பவுண்டு இவர் தலையில் விழுந்தது. நூலில் ஓராண்டு சம்பாதித்ததை வழக்கு ஏறக்குறைய அப்படியே தின்றுவிட்டது. ஆண்டு முடிவதற்குள் அவர் பதிப்பாளரையும் மாற்றிவிட்டார்.

பணம் பின்னால் வந்தது, குரலால். 1853 டிசம்பரில் பர்மிங்காம் நகர மண்டபத்தில் இந்தக் கதையை முதன்முதலாகப் பொதுமேடையில் வாசித்தார், அது தர்மத்துக்காக. தொழிலாளர்களுக்கென்றே ஒரு நாள் குறைந்த கட்டணத்தில் வாசிக்க வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கினார். கட்டணம் வாங்கித் தனக்காக வாசிக்கத் தொடங்கியது 1858இல். முதலில் மூன்று மணி நேரம் பிடித்த வாசிப்பைப் போகப் போக ஏறக்குறைய பாதியாக்கினார். அந்த மேடைப் பிரதி இன்று நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. அச்சுப் புத்தகத்தைப் பிரித்து, தாள்களைப் பெரிய பக்கங்களில் பதித்து, வேண்டாத வரிகளை மையால் அடித்து, இங்கே குரலைச் சோகத்துக்கு இறக்கு, இங்கே மகிழ்ச்சிக்கு ஏற்று என்று ஓரத்தில் தனக்குத்தானே குறித்துவைத்திருக்கிறார். 1870 மார்ச்சில் லண்டனில் நடந்த கடைசி வாசிப்பிலும் இந்தக் கதை இருந்தது. கரோல் இன்றுவரை மேடையில் நிற்பதற்கு அச்சைவிட இந்த வாசிப்புகளே பெரிய காரணம் என்பது என் கருத்து.

இன்னொன்று. கட்டுரையோடு வந்த கதைச்சுருக்கத்தில் மூன்றாம் பகுதியின் முடிவு விடுபட்டிருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் பற்றிய அரசு அறிக்கையைப் படித்துக் கொதித்து, 1843இல் ஒரு துண்டுப் பிரசுரம் எழுத நினைத்த டிக்கன்ஸ், அதைக் கைவிட்டுத்தான் இந்தக் கதைக்கு வந்தார். அந்தக் கொதிப்பு இருக்கும் இடம் அதுதான்: கதைநாயகனான கஞ்சன் ஸ்க்ரூஜைத் திருத்த வரும் ஆவிகளில் ஒன்றான நிகழ்கால கிறிஸ்மஸ் ஆவியின் அங்கிக்குள்ளிருந்து எலும்பும் தோலுமாக இரண்டு பிள்ளைகள் வெளிப்படுகிறார்கள், ஆண் பிள்ளை அறியாமை, பெண் பிள்ளை வறுமை. இவர்களுக்குப் போக்கிடமே இல்லையா என்று ஸ்க்ரூஜ் கேட்க, “சிறைச்சாலைகள் இல்லையா? ஏழை விடுதிகள் இல்லையா?” என்று ஆவி திருப்பிக் கேட்கிறது (ஏழை விடுதி என்பது கதியற்றவர்களைச் சேர்த்துக் கடுமையாக வேலை வாங்கிய இடம்). முதல் பகுதியில் நன்கொடை கேட்டு வந்தவர்களிடம் ஸ்க்ரூஜ் கேட்டவையேதான் அவை. உங்கள் சுருக்கத்தில் நன்கொடைக் காட்சி மட்டும் இருப்பதால் அது ஒரு கஞ்சனின் கடுஞ்சொல்லாக நின்றுவிடுகிறது. கதையைத் தமிழில் வெளியிடும் எண்ணமிருந்தால், எதைக் குறைத்தாலும் இந்த இரண்டு இடங்களையும் குறைக்காமல் சேர்த்தே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நாகர்கோவில்