ஏற்காட்டுச் சுவர்களில் பாசி இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை ஓயும் மார்கழி, தை மாதங்களில் ஏற்காட்டின் காப்பித் தோட்டச் சாலைகளில் பல ஆண்டுகளாகக் காலை நடை செல்பவன் நான். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வாகனத்தில் கடந்து ஏரிக்கு விரைபவர்கள் காணாத ஒரு சிறு காடு, சாலையோரத்துக் கருங்கல் சுவர்களில் இருக்கிறது. கோடையில் வைக்கோல் நிறத்தில் ஒடுங்கிக் கிடக்கும் பாசி, தூறல் பட்ட சிறிது நேரத்திலேயே பச்சைப்பசேலென்று ஆகிவிடுகிறது; உண்மையான வேர் இல்லாத அது, இலைகளாலேயே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. குனிந்து பார்த்தால், மயிரிழை போன்ற காம்புகளின் நுனியில் கடுகினும் சிறிய வித்துப்பைகளும், அவற்றில் தொங்கும் பனித்துளிகளும் தெரியும். பக்கத்து ஓடைக்கல்லில், இமயத்திலிருந்தும் அதற்கு வடக்கிலிருந்தும் குளிர்காலத்துக்கு வரும் சாம்பல் வாலாட்டி, ஓயாமல் வாலசைத்தபடி பூச்சி தேடும்.

சென்ற மாதம், நான் வழக்கமாக நிற்கும் சுவரொன்றைச் சுரண்டி, சிமென்ட் பூசி, வெள்ளையடித்துவிட்டார்கள். மனம் மிகவும் வருந்தியது. பாசியோடு போனவற்றில் லைக்கன் எனப்படும் கல்பூக்களும் உண்டு. நம் சமையலில் சேரும் கல்பாசியும் அவ்வகையே. பூஞ்சையும், சுவர்ப்பாசியினின்று வேறான ஆல்கா என்னும் நுண்பாசியும் கூடி வாழும் அவ்வுயிர் மிக மெதுவாகவே வளரும் என்பதால், இழந்த அளவு திரும்பிவர நெடுங்காலம் ஆகும்.

மண்சரிவைத் தடுக்கும் பணிகள் அவசியமானவை. அதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் உறுதியாக நிற்கும் சுவர்களை அழகுக்காகச் சுரண்டுவதையேனும் சம்பந்தப்பட்டவர்கள் கைவிட வேண்டும் எனவும், சேலத்துப் பள்ளிகள் தங்கள் மாணவர்களை இம்மாதங்களில் ஒரு காலையாவது இச்சாலைகளில் நடத்திச் செல்ல வேண்டும் எனவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சேலம்.