ஏழு நோட்டில் ஒரு நோட்டு: எங்கள் மையத்தின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிறுவனர்களுக்கும் நிர்வாகக் குழுவில் இருக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம். போன மாதக் கடைசியில் புதிய கட்டணப் பங்கீடு பற்றி நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலுக்கு "பேச வேண்டும்" என்று ஒரே வரியில் பதில் போட்டேன். கூப்பிட்டீர்கள், 40 நிமிடம் பேசினோம், அதற்கு நன்றி. கடைசியில் கிளம்பும்போது "முழுக் கட்டணம் கொடுக்கிறவங்களை இன்னும் கொஞ்சம் எடுத்துக்கோங்க, எல்லாம் சரியாகிடும்" என்று சொன்னீர்கள். அங்கேயே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மின்சார ரயிலில் குரோம்பேட்டை வந்து இறங்குகிற வரைக்கும் அந்த வாக்கியம்தான் காதில் இருந்தது. அதற்கான பதிலை இப்போது எழுதுகிறேன். இதே மாதிரி மனநல ஆலோசனை மையங்களில் ஒப்பந்தத்தில் தெரபிஸ்ட்டாக வேலை செய்கிற பலர் இதே கணக்கில் மாட்டியிருக்கிறார்கள் என்பதால் பொதுவில் எழுதுகிறேன். மையத்தின் பெயரை எங்கேயும் சொல்லப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அது போதும்.

பழைய முறையும் புதிய முறையும் நீங்கள் அறிந்ததுதான். மூன்று வருடமாக நமக்குள் 60:40. கிளையன்ட் முழுக் கட்டணமான 1,500 கொடுத்தாலும் சலுகைக் கட்டணமான 700 கொடுத்தாலும் 60 சதவிகிதம் தெரபிஸ்ட்டுக்கு, 40 மையத்துக்கு, ஆக, கட்டணம் குறைந்தால் இரண்டு பக்கமும் குறையும். புதிய முறையில் எந்தக் கட்டணமாக இருந்தாலும் மையத்துக்கு ஒரு செஷனுக்கு 600 ரூபாய் எடுத்துக்கொண்டு மிச்சத்தை எங்களுக்குத் தருவீர்கள். 1,500 ரூபாய் செஷனுக்கு இதனால் ஒரு மாற்றமும் இல்லை, முன்பும் 900, இப்போதும் 900. அதனால்தான் கூட்டத்தில் மற்ற தெரபிஸ்ட்டுகள் அதிகம் பேசவில்லை, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 700 ரூபாய் செஷனுக்கு 420 வாங்கிக்கொண்டிருந்த எனக்கு இனி 100.

புதிய முறை வந்த பிறகான முதல் சனிக்கிழமையை மட்டும் சொல்கிறேன். எனக்கு ஐந்து செஷன் போட்டிருந்தார்கள். ஒருவர் முழுக் கட்டணம், நான்கு பேர் சலுகைக் கட்டணம். சலுகைக் கட்டணக்காரர்களில் ஒருவர் வரவில்லை, தகவலும் இல்லை. அந்த ஒரு மணி நேரத்துக்குப் பணம் கிடையாது, அது பழைய முறையிலும் கிடையாதுதான். வந்த நான்கு பேரும் கொடுத்தது மொத்தம் 3,600 ரூபாய். பழைய முறையில் எனக்கு 2,160, மையத்துக்கு 1,440. புதிய முறையில் எனக்கு 1,200, மையத்துக்கு 2,400. கிளையன்ட்டுகள் யாரும் ஒரு ரூபாய் கூடக் குறைத்தோ கூட்டியோ கொடுக்கவில்லை. என்னிடமிருந்து 960 ரூபாய் எழுந்து உங்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான் நடந்தது. என் 1,200-இல் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரியான டி.டி.எஸ். 10 சதவிகிதம் போனால் கையில் 1,080. காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரைக்கும். மாதம் இரண்டு முறை நான் சூப்பர்விஷனுக்கு, அதாவது என் செஷன்களைப் பற்றி ஒரு மூத்த தெரபிஸ்ட்டிடம் பேசி வழிகாட்டல் வாங்கப் போகிறேன், ஒரு மணி நேரத்துக்கு 2,000, அதுவும் என் கையிலிருந்துதான். சூப்பர்விஷன் இல்லாமல் இந்த வேலையைச் செய்யக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களே நீங்கள்தான்.

இப்போது அந்தச் சனிக்கிழமையின் 11 மணி செஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டுச் சம்மதமும் வாங்கியிருக்கிறேன். ஒரு அம்மா, அறுபதை நெருங்கும் வயது. இரண்டு பஸ் மாறி வருகிறார். அவர் மகளாக வளர்த்த பிள்ளை இன்று திருநம்பி. பிள்ளையை ஏற்றுக்கொண்டுவிட்டார், சொந்தக்காரர்களைத்தான் எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை, ராத்திரி தூக்கமில்லை. முதல் நாள் வந்தபோது நம் வரவேற்பில் கொடுத்த படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடித்து மடியில் வைத்துக்கொண்டார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு அறைக்குள் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "நீங்க தமிழ்லயே பேசுவீங்களாம்மா?" என்று கேட்டார். பேசுவேன் என்றேன். பிறகுதான் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

அந்தச் சனிக்கிழமை செஷன் முடிந்ததும் சுருக்குப்பையிலிருந்து ஏழு நூறு ரூபாய் நோட்டை எடுத்தார். ஒவ்வொன்றாக நீவி, இரண்டு தடவை எண்ணி, "வெளியில அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்துடட்டா, இல்ல உங்ககிட்ட குடுக்கட்டா?" என்றார். வெளியில் கொடுங்கள் என்று அனுப்பினேன். அந்த ஏழு நோட்டில் ஒரு நோட்டு எனக்கு. ஐம்பது நிமிடம் அந்த அம்மா அழுததைக் கேட்டு, குறிப்பெழுதி, அடுத்த வாரத்துக்கு யோசித்து வைக்கும் ஆளுக்கு ஒன்று. அறைக்கும் ஏசிக்கும் பதிவுக்கும் ஆறு. அவர் என்ன நினைத்துக் கொடுத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குத்தான் கொடுக்கிறோம் என்றுதானே நினைத்திருப்பார்.

"முழுக் கட்டணக் கிளையன்ட்டை எடுத்துக்கோங்க" என்றீர்கள். யார் யாரிடம் வருகிறார்கள் என்று நம் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும். மையத்தில் தமிழில் முழு செஷன் எடுப்பது நான் ஒருத்திதான். மற்றவர்களுக்குத் தமிழ் தெரியாமல் இல்லை, ஆனால் படித்தது ஆங்கிலம், பயிற்சி ஆங்கிலம், மனசைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்தில் ஆங்கிலம் வந்துவிடுகிறது. தமிழில் வருகிறவர் "ஆங்சைட்டி" என்று சொல்வதில்லை. படபடன்னு வருது என்பார், நெஞ்சை அடைக்குது என்பார், கை கால் ஓடலை என்பார், ஒரு மாதிரியா இருக்கு என்று நிறுத்திக்கொள்வார். அந்த "ஒரு மாதிரி" எந்த மாதிரி என்று பிடிக்கத்தான் பாதி நேரம் போகும். நான் விருதுநகர்ப் பக்கம் தமிழ் வழியில் படித்து வந்தவள், என் வீட்டில் முதல் பட்டதாரி, அப்புறம் நான் ஒரு பெண்ணை நேசிக்கும் பெண். இதையெல்லாம் என் சம்மதத்தோடுதான் மையத்தின் அறிமுகப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் அவர்கள் என்னைக் கேட்டு வருகிறார்கள். என்னைக் கேட்டு வருகிறவர்களிடம் பணம் இல்லை. விடுதியை விட்டுத் துரத்தப்பட்ட மாணவர், வேலை கிடைக்காத திருநங்கை, வீட்டில் பொய் சொல்லிவிட்டு ஐஸ்கிரீம் கடை வாசலில் நின்று ஆன்லைன் செஷன் எடுக்கும் பெண். இவர்களை விட்டுவிட்டு முழுக் கட்டணக்காரர்களை எடுத்துக்கொள் என்றால், இவர்களை யார் எடுப்பார்கள்?

ஆக, எந்தத் தெரபிஸ்ட் எந்தச் சமூகத்திலிருந்து வந்தாரோ, அந்தச் சமூகத்துக்குக் கொடுக்கும் சலுகையின் மொத்தச் சுமையும் அவர் தலையில் விழுகிறது. எல்லோரையும் உள்ளடக்கும் மையம் என்று பெயர் மையத்துக்கு, அதற்கான செலவு எனக்கு. இதை நீங்கள் வேண்டுமென்றே செய்தீர்கள் என்று நான் நினைக்கவில்லை. வாடகை ஏறிவிட்டது, வரவேற்பில் இருக்கும் தங்கைக்குச் சம்பளம் கூட்ட வேண்டும், எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட நீங்கள் தேடிப்பிடித்த பணம் 700 ரூபாய் செஷனில் இருக்கிறது, 1,500 ரூபாய் செஷனில் இல்லை. அதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

என் வேண்டுகோள் ஒன்றுதான். சலுகைக் கட்டண செஷன்களுக்குப் பழையபடி 60:40 முறையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். குறைகிற பணம் இரண்டு பேருக்கும் குறையட்டும்.

நீங்கள் ஏன் இந்த மையத்தைத் தொடங்கினீர்கள் என்பதை நான் உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவை நம் கூட்ட அறையில் ஒட்டி வைத்திருக்கிறோம். பாலின ஈர்ப்பையும் அடையாளத்தையும் "குணப்படுத்துகிறேன்" என்று யாரும் கிளம்பக் கூடாது என்று சொன்ன உத்தரவு. அதை எழுதுவதற்கு முன்னால் தனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று ஒத்துக்கொண்டு அவரே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பேசினார் என்பதுதான் எனக்கு அதில் மிகப் பிடித்த இடம். மறு வருடம் தேசிய மருத்துவ ஆணையம், மருத்துவர்கள் இப்படி "மாற்றும் சிகிச்சை" செய்வதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. இருந்தும் எங்கோ ஒரு கிளினிக்கில் மாத்திரை கொடுத்து, கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள்தான் இன்றும் நம் வாசலுக்கு வருகிறார்கள்.

அந்த உத்தரவில் இன்னொரு பகுதி உண்டு. சில மாதங்களுக்கு முன் ஒரு ராத்திரி பத்தே முக்காலுக்கு என் கிளையன்ட் ஒருவரிடமிருந்து அழைப்பு. தோழியோடு சென்னைக்கு வந்துவிட்டார், இருவரும் இருபது தாண்டியவர்கள். ஊரில் காணவில்லை என்று புகார், போலீஸ் நிலையத்துக்கு உடனே வரச் சொல்கிறார்கள், அப்பா வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். குரல் நடுங்குகிறது. வயது வந்த இருவர் விரும்பிச் சேர்ந்திருக்கிறார்கள் என்று விசாரணையில் தெரிந்தால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்று நீதிமன்றம் காவல்துறைக்குச் சொல்லியிருக்கிறது. அந்தப் பத்தியைத் தேடி எடுத்து அனுப்பி, தெரிந்த ஒரு வழக்கறிஞரை எழுப்பி, அவரை இவரோடு பேசவைத்து, மொட்டை மாடியில் நின்றபடி நான் போனை வைத்தபோது மணி இரண்டு. காலை ஒன்பதுக்கு அடுத்த செஷன். அந்த மூன்று மணி நேரம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதற்கு நான் பணம் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் என்னுடைய ஒரு செஷனின் விலை 100 ரூபாய் என்று கணக்குப் போடும்போது அந்த மொட்டை மாடியும் உங்கள் கண்ணில் பட வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

ஒப்பந்தம் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். என் ஒப்பந்தத்தில் நான் "சுயாதீன ஆலோசகர்". அதனால் பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, காய்ச்சல் வந்தால் அந்த வார வருமானம் இல்லை. போன வருடம் டெங்குவில் படுத்த 12 நாளும் எனக்குச் சுழியம். சுயாதீனம் என்றால் நேரத்தை நான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் சனிக்கிழமை கட்டாயம் வர வேண்டும். வேறு இடத்தில் வேலை செய்ய உங்கள் அனுமதி வேண்டும். விலகினால் இரண்டு வருடம் இந்த நகரத்தில் தனியாகப் பார்க்கக் கூடாது என்று ஒரு விதி வேறு. தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவிலேயே சொல்கிறது, ஆனாலும் 25 வயதில் முதல் வேலைக்கு வரும் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும், அந்தத் தாளைப் பார்த்துப் பயந்துபோய்க் கையெழுத்துப் போடும். அரசைக் கேட்டால் 2017 மனநலச் சட்டம் இருக்கிறது, காப்பீட்டில் உடல் நோய்க்கு இணையாக மனநோயையும் சேர்க்க வேண்டும் என்கிறது, ஆனால் வாரம் ஒரு முறை வந்து பேசிவிட்டுப் போகும் செஷனுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் பணம் வராது. கடைசியில் எல்லாமே அந்த அம்மாவின் சுருக்குப்பையிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். ஒப்பந்த விதிகளைப் பற்றி இன்னொரு நாள் உட்கார்ந்து பேசலாம், அதற்கு அவசரமில்லை. இன்றைக்கு நான் கேட்பது அந்த 60:40 மட்டும்தான். மொத்தமாக முடியாது என்றால் எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. முழுக் கட்டண செஷன் ஒவ்வொன்றிலிருந்தும் மையம் 25 ரூபாய், தெரபிஸ்ட் 25 ரூபாய் என்று ஒரு சலுகை நிதிக்குப் போடுவோம். நானும் போடுகிறேன். யார் சலுகைக் கட்டணக் கிளையன்ட்டைப் பார்த்தாலும் அந்த நிதியிலிருந்து ஈடு செய்வோம். மூன்று தெரபிஸ்ட்டுகளிடம் கேட்டேன், சம்மதம் என்றார்கள்.

இந்த மையத்தை விட்டுப் போகும் எண்ணம் எனக்கு இல்லை. இந்த வேலையை நான் இங்கேதான் கற்றுக்கொண்டேன். நம் படிவங்களைத் தமிழில் எழுதிக் கொடுத்தது நான், அது இன்னும் அச்சுக்குப் போகவில்லை, முடிந்தால் அதையும் சேர்த்துக் கவனியுங்கள். ஆனால் ஒரு செஷனுக்கு 100 ரூபாய் என்று ஆறு மாதம் ஓட்டும் வசதி என்னிடம் இல்லை. குரோம்பேட்டை வீட்டு வாடகையே 11,000. வேறு வழியில்லாமல் நான் தமிழ் செஷன்களைக் குறைக்க வேண்டி வந்தால், அதை அந்தக் கிளையன்ட்டுகளிடம் என்ன காரணம் சொல்லிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த மாதம் 25-ஆம் தேதிக்குள் ஒரு பதில் சொல்லுங்கள் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். வரும் சனிக்கிழமை 11 மணிக்கு அந்த அம்மா வருகிறார். இந்த முறை மகனையும் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார், அறையில் இன்னொரு நாற்காலி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மையத்தின் ஒப்பந்தத் தெரபிஸ்ட்
(தமிழ் செஷன்கள்)