ஆவண மேசைக்கு ஒரு பாஸ்வேர்டு: எங்கள் சங்க நிர்வாகிகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினர், கம்ப்யூட்டர் பராமரிப்பைக் கவனிக்கும் ஐயா அனைவருக்கும் வணக்கம்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். முன்னோர் பத்திரங்களைத் தேடி வருபவர்களுக்கு உதவும் நம் ஆவண மேசைக் கம்ப்யூட்டரில், ஸ்கேன் செய்த பத்திரங்கள் இருக்கும் பொது ஃபோல்டர் திறக்கவில்லை. விண்டோஸ் 11க்கு மாற்றிய நாளிலிருந்து இதே கதை. செயலாளர் ஐயாவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். "எனக்குத் திறக்கிறதே" என்றார். பராமரிப்பவரிடம் சொன்னேன், "அணைத்துவிட்டுப் போடுங்கள்" என்றார். அணைத்தேன், போட்டேன். கூட்டத்தில் சொன்னேன், குறிப்பேட்டில் ஏறியது, அங்கேயே தங்கிவிட்டது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. அலுவலக அலமாரியில் இருக்கும் நாஸ் பெட்டியில் (பொது ஃபோல்டரை வைத்திருக்கும், நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி), ஆவண மேசைக்கென்று பாஸ்வேர்டுடன் ஒரு யூசர் கணக்கு உருவாக்கிக் கொடுங்கள்.

இதனால் யாருக்கு என்ன கஷ்டம் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். சொல்கிறேன். போன சனிக்கிழமை ஒரு பெரியம்மா மாயேபூரிலிருந்து பஸ் ஏறி, கியூர்பிப்பில் மெட்ரோ பிடித்து ரோஸ் ஹில் வந்து, நம் மாடிப்படியையும் ஏறினார். முதியவர்களுக்கு பஸ் இலவசம்தான். முழங்கால் வலி அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதில்லை. 2024 மார்ச்சில் இந்தியக் குடியரசுத் தலைவர் இங்கே மொரீசியஸுக்கு வந்து, ஏழாம் தலைமுறை வரை ஓசிஐ என்னும் கடல்கடந்த இந்தியக் குடிமக்கள் அட்டை பெறலாம் என்று அறிவித்த பிறகு நம் மேசைக்கு வந்தவர்களில் அவரும் ஒருவர். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணத்திலிருந்து கொள்ளுத்தாத்தாவின் குடியேற்றப் பதிவு எண்ணை எடுத்து வந்திருந்தார். தாத்தா, அப்பா, தான் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணப் பத்திரங்களைக் கோத்துக் காட்ட வேண்டும். ஒரு பத்திரத்தில் வீரசாமிக்கு ஒரு 'எஸ்', அடுத்ததில் இரண்டு. எந்த குமாஸ்தாவின் காது எப்படிக் கேட்டதோ! அதையெல்லாம் ஒப்பிட்டு, ஸ்கேன் செய்து, வம்ச வரிசை போட்டு அந்த ஃபோல்டரில் வைத்தது நாம்தான். மூலப் பத்திரங்களை அண்ணன் மகன் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய்விட்டான்.

பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறார். திரை என்னைப் பார்க்கிறது. செயலாளர் ஐயா ஊரில் இல்லை, அவர் மடிக்கணினியும் இல்லை. "பரவாயில்லை தம்பி, இன்னொரு நாள் வர்றேன்" என்று அவர் எழுந்தபோது, அந்தப் பரவாயில்லைக்கு என்னிடம் பதில் இல்லை.

இனி கோளாறுக்கு வருகிறேன். கேபிள் நன்றாக இருக்கிறது. பெட்டி இணைப்பில் இருக்கிறதா என்று பிங் செய்து பார்த்தால் பதில் வருகிறது. பெட்டியின் பெயருக்குப் பதில் ஐபி முகவரியைப் போட்டாலும் அதே மறுப்பு. ஆகவே பெயர் தேடும் சிக்கலும் இல்லை. நெட்வொர்க்கை 'பிரைவேட்' என்று மாற்றியாயிற்று. விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் கிடந்த பழைய பதிவுகளையும் அழித்தாயிற்று. காரணம் பிழைச் செய்தியிலேயே இருக்கிறது: பாஸ்வேர்டு இல்லாத 'கெஸ்ட்' நுழைவைப் பாதுகாப்பு விதி தடுக்கிறது என்று. நம் பெட்டி இத்தனை வருடமும் எல்லோரையும் கெஸ்டாகத்தான் உள்ளே விட்டது. விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு, நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி என்ற முறையின் இணைப்பு ஒவ்வொன்றிலும் கையொப்பச் சரிபார்ப்பைக் (தகவல் வழியில் மாற்றப்படவில்லை என்று காட்டும் டிஜிட்டல் முத்திரையை) கட்டாயமாகக் கேட்கிறது. பாஸ்வேர்டு இல்லாமல் நுழைபவருக்குக் கையொப்பமிட சாவியே கிடையாது. செயலாளர் ஐயாவின் மடிக்கணினி இன்னும் விண்டோஸ் 10. அதனால் அவருக்குத் திறக்கிறது, எனக்குத் திறக்கவில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியே முடிந்துவிட்டது. அவரும் மாற்றிய அன்று நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்காருவோம்.

பராமரிப்பவர் போனில் ஒரு வழி சொன்னார்: கையொப்பக் கட்டாயத்தை எடுத்துவிட்டு, கெஸ்ட் நுழைவை அனுமதித்துவிடலாம், அதுவும் சரிப்படாவிட்டால் எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1ஐத் திரும்பப் போடலாம். ஐயா மன்னிக்க வேண்டும், அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் நச்சு மென்பொருள் பிரிட்டன் மருத்துவமனைகளைத் திணறடித்தது அந்த எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதுகூட வேண்டாம், நம் மண்டபத்தைப் பாருங்கள். கல்யாணத்துக்கு வருபவர்கள் பயன்படுத்த வைஃபை பாஸ்வேர்டைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அதுவும் இதே நெட்வொர்க். கெஸ்ட் நுழைவு இருந்தால், சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருக்கும் யாரும் பெரியம்மாவின் பத்திரங்களைப் போனில் புரட்டலாம். இத்தனை வருடம் அப்படித்தான் இருந்திருக்கிறது. அடையாள அட்டை நகல்களை நம்மை நம்பிக் கொடுத்தவர்களுக்கு இது தெரியாது.

1998இல் புதிய மொரீசியஸ் ரூபாய்த் தாளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது நம் சமூகம் கொதித்தெழுந்தது. மத்திய வங்கியே அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றது. நியாயமான கோபம், மறுக்கவில்லை. இன்றும் மேடை ஏறினால் அதைத்தான் பேசுகிறோம். அந்த மேடைக்கு மைக் வாடகையும் பூமாலையும் ஒரே மணி நேரத்தில் முடிவாகிவிடும். காவடி நோட்டீஸ் நள்ளிரவில்கூட குரூப்பில் வந்து விழும். நம்மவர்களின் முன்னோர் பெயர்கள் இருக்கும் ஃபோல்டர் மட்டும் அடுத்த கூட்டத்துக்கு, பிறகு அதற்கடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகிறது. "பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்களேன்" என்கிறார் ஒருவர். எத்தனை பேர் பையில் எத்தனை பேருடைய பிறப்புச் சான்றிதழ் அலைய வேண்டும்?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. நீங்கள் சம்பளம் வாங்காமல் செய்யும் வேலை இது என்று தெரியும். நானும் அப்படித்தான்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன்: பாஸ்வேர்டுடன் ஒரு யூசர் கணக்கு. ஆவண மேசைக்குப் படிக்கும் உரிமை போதும். எழுதும் உரிமை ஸ்கேன் செய்பவருக்கு மட்டும் இருக்கட்டும். கெஸ்ட் நுழைவை மூடிவிடுங்கள். மண்டபத்து வைஃபையைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். புதிதாக எதுவும் வாங்க வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

இவ்வளவு தாமதத்துக்குக் காரணம், பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் நினைவில்லாததுதான் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. அது உண்மையானால் தயவுசெய்து வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். முந்தைய குழுவினரைத் தேடிப்பிடித்துக் கேட்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சனிக்கிழமை ஆவண மேசைத் தொண்டர்
ரோஸ் ஹில், மொரீசியஸ்