இரண்டு இறக்கை போனால் என்ன

அன்புக் கண்ணுவுக்கு,

நீ அனுப்பிய படத்தை நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் பழைய பெட்ரோல் இன்ஜினின் ஃப்ளைவீலில், அதாவது தண்டோடு சுழலும் அந்தக் கனமான சக்கரத்தில், காற்றடிக்கும் இரண்டு இறக்கை முறிந்திருக்கிறது. பக்கத்தில் திருப்புளியும் சுத்தியலும் கிடக்கின்றன. என்ன நடந்தது என்று நீ சொல்லாமலே புரிந்தது. "கெடுத்துட்டேன்ப்பா, தூக்கிப் போட்டுடலாம்னு இருக்கேன்" என்று எழுதியிருக்கிறாய். போடாதே. நான் முதன்முதலாகக் கழற்றிய ஃப்ளைவீலுக்கும் இதே கதிதான். அன்று முழுக்க யாரிடமும் பேசாமல் இருந்தேன். உன் அம்மாவைக் கேள், சொல்வாள்.

தப்பு எங்கே என்றால், ஃப்ளைவீல் உட்காரும் தண்டு ஒரே பருமனில் இருக்காது, நுனிக்குப் போகப்போகச் சிறுத்திருக்கும். அந்தச் சரிவில் இறுகிப் பிடித்துக்கொண்டிருப்பதை ஒரு பக்கமாக நெம்பினால் வராது. இறக்கைகள் வார்ப்பு அலுமினியம், வளையத் தெரியாது, முறியத்தான் தெரியும். நடுக்குடத்தை ஒட்டி இரண்டு துளைகள் இருக்கும், பார். புல்லர் என்ற இழுத்துக் கழற்றும் கருவியை மாட்டுவதற்கென்றே விட்டவை. நட்டை முழுக்கக் கழற்றாமல் மரை விளிம்போடு நிறுத்திவிட்டு, புல்லரை இரண்டு பக்கமும் சமமாக இறுக்கிக்கொண்டே போனால் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுக்கும். அடுத்த முறை அப்படிச் செய்.

இப்போது அதைவிட முக்கியமான ஒன்று. முறிவு இறக்கையோடு நின்றதா, நடுக்குடம் வரை விரிசல் ஓடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மாதிரி இன்ஜின்கள் நிமிடத்துக்கு 3,600 சுற்று வரை போகும், அதாவது நொடிக்கு 60. விரிசல் விட்ட ஃப்ளைவீல் அந்த வேகத்தில் வெடித்தால் குண்டு மாதிரி. கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதே. மண்ணெண்ணெயில் நன்றாக ஊறவை. எடுத்துச் சுத்தமாகத் துடை. நடுக்குடத்தைச் சுற்றியும், சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சின்னத் துண்டான சாவி உட்காரும் பள்ளத்தருகிலும் சாக்பீஸ் பொடியை மெல்லியதாகப் பூசி அரை மணி நேரம் சும்மா விடு. விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து வந்து வெள்ளைப் பொடியில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு போடும். கோடு தெரிந்தால் அந்த ஃப்ளைவீல் வேண்டாம், வேறு தேடுவோம். தெரியாவிட்டால் பெரும்பாலும் கவலையில்லை. இரண்டு இறக்கை போனதில் காற்று கொஞ்சம் குறையும், கொஞ்சம் அதிரும், அவ்வளவுதான்.

நீ எழுதி அனுப்பிய எண்ணைப் பார்த்தேன். உன்னுடையது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் இன்ஜின். மேல் மூடியில் குத்தியிருக்கும் குறியீட்டில் முதல் ஆறு இலக்கமும் தேதி. 710322 என்றால் 1971, மார்ச் 22. அன்றைக்குத்தான் அது தொழிற்சாலையில் உருவாகியிருக்கிறது. மாடல் எண் 8-இல் தொடங்குவதால் கொள்ளளவு ஏறக்குறைய 8 கன அங்குலம், 130 சிசிக்குச் சற்றுக் குறைவு. சின்ன இன்ஜின்தான். ஆனால் உன்னைவிட எவ்வளவு மூத்தது என்று கணக்குப் போட்டுப் பார். சுத்தியலைக் கையில் எடுக்கும்போது அந்தக் கணக்கு ஞாபகத்தில் இருக்கட்டும்.

ஸ்பார்க் வரவில்லை என்றுதானே ஃப்ளைவீலைக் கழற்றினாய்? கழற்றியது சரிதான், கோளாறு பெரும்பாலும் அதன் அடியில்தான் இருக்கும். இதில் பேட்டரி கிடையாது. ஃப்ளைவீலில் பதித்த காந்தம் காயில் என்ற கம்பிச்சுருளைக் கடந்து போகும்போது மின்சாரம் பிறக்கிறது. அந்த நேரம் பார்த்துப் பாயிண்ட் என்ற தொட்டு விலகும் சின்ன ஸ்விட்ச் திறந்தால், காயிலின் இரண்டாவது கம்பிச்சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பிப் பிளக்கில் பொறியாகக் குதிக்கிறது. எல்லாம் அந்தச் சின்னப் பாயிண்ட் தொட்டு விலகுவதில்தான் இருக்கிறது. பல வருஷம் ஓடாமல் கிடந்தால் பாயிண்ட் முனைகளில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்துவிடும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும், மின்சாரத்துக்குச் சுவர். 600 நம்பர் உப்புத்தாளை இரண்டு முனைக்கும் நடுவே வைத்து நாலு இழுப்பு, அப்புறம் வெள்ளை அட்டையை ஸ்பிரிட்டில் நனைத்து, கறுப்பு வருவது நிற்கும் வரைக்கும் இழு. பாயிண்ட் முழுக்கத் திறந்திருக்கும்போது இடைவெளி 0.020 அங்குலம், அரை மில்லிமீட்டர். பிளக்குக்கு 0.030. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு போனால் போதும், திணிக்காதே.

ஃப்ளைவீலுக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கும் சாவியையும் வெளியே எடுத்துப் பார். அது வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்தது. தண்டு சட்டென்று நிற்க நேர்ந்தால் மற்றதைக் காப்பாற்ற அது அறுபடும். பாதி அறுந்திருந்தாலும் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், தப்பிவிடும், ஸ்பார்க் இருந்தும் கிளம்பாது. பலமாக இருக்கட்டும் என்று யாராவது இரும்புச் சாவி தந்தால் வாங்காதே.

ஸ்பார்க் வந்த பிறகு சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைத் திற. போல்ட்டுகளில் சில நீளம், சில குட்டை. ஒரு அட்டையில் ஹெட்டின் வடிவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொன்றையும் அதன் இடத்திலேயே குத்தி வை. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே பிளாக்கில் நிற்கும். இந்த வேலையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது வால்வைத் தேய்த்து உட்கார வைப்பதுதான். விளிம்பில் தேய்ப்புப் பேஸ்ட்டைத் துளித்துளியாக வைத்து, ரப்பர் கப் மாட்டிய குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே மத்து கடைவது போல உருட்டு. முதலில் கரகரவென்று மணல் அரைபடும் சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் அது மெலிந்து வழுவழுவென்று ஆகும். அப்போது தூக்கித் திருப்பி வைத்து மறுபடி உருட்ட வேண்டும். துடைத்துப் பார்த்தால் சுற்றிலும் அறுபடாத சாம்பல் நிற வளையம் தெரிய வேண்டும். ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தாலும் அந்த வழியாகக் கம்ப்ரஷன், அதாவது உள்ளே அழுத்திய காற்று, போய்விடும். எனக்கு ஒரு எக்ஸாஸ்ட் வால்வுக்கு மூன்று மாலை நேரம் பிடித்தது. முடிந்ததும் பேஸ்ட் ஒரு துளிகூட மிச்சமில்லாமல் கழுவு. மிச்சமிருந்தால் அது பிஸ்டனையும் தேய்க்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அப்பா கண்டிப்பு. அந்தக் காலத்து ஹெட் கேஸ்கெட்டில், அதாவது மூடிக்கு அடியில் கசியாமல் இருக்க வைக்கும் தகட்டில், கல்நார் இருக்கலாம், பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் சுரண்டாதே, தேய்க்காதே. நனைத்து எடுத்து ஒரு பையில் கட்டு. இன்ஜினை அறைக்குள் ஓட்டவே கூடாது. அந்தப் புகையில் இருக்கும் நச்சு வாயுவை வாசனை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, ஜன்னல் திறந்திருக்கிறது என்பதெல்லாம் போதாது.

அப்புறம், பெயின்ட் அடிக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, வேண்டாமே. துருவைத் துடைத்து எண்ணெய் தடவினால் போதும். மினுமினுக்கும் இன்ஜின்களை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன், அழகுதான். ஆனால் ஸ்டார்ட்டர் கைப்பிடிக்குப் பக்கத்தில் விரல் பட்டுப் பட்டு மூடியின் நிறம் தேய்ந்திருக்கிறது, படத்திலேயே தெரிகிறது. எத்தனையோ பேர் கை வைத்த இடம் அது. ஒரு தடவை அடித்துவிட்டால் அந்தத் தேய்மானம் திரும்பி வராது.

என் இன்ஜினில் வால்வு அறையின் மூடியைத் திறந்தபோது, கேஸ்கெட்டை யாரோ காலண்டர் தாளில் வெட்டி வைத்திருந்தார்கள். எண்ணெயில் ஊறியும் 17 என்ற எண் தெளிவாகத் தெரிந்தது. கத்தரிக்கோல் நடுங்கிய இடம்கூடத் தெரிந்தது. அவர் யார் என்று தெரியாது, ஆனால் அவசரத்தில் இருந்திருக்கிறார், அந்தக் கேஸ்கெட் தாங்கியிருக்கிறது. அதை நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன், நீ வரும்போது காட்டுகிறேன்.

உன்னுடையதிலும் அந்த மூடியைத் திறக்கும்போது கேஸ்கெட் கிழியாமல் பார்த்துக்கொள். அப்படியே வெள்ளைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. துளைகளையும் மறக்காமல் வரை. என்னிடம் நல்ல கேஸ்கெட் தாள் இருக்கிறது. இரண்டு வெட்டி அனுப்புகிறேன், ஒன்று மாட்டுவதற்கு, ஒன்று கிழிந்தால் வைத்துக்கொள்வதற்கு.

சாக்பீஸ் பூசிப் பார்த்ததும் படம் எடுத்து அனுப்பு. அதுவரை அந்த ஃப்ளைவீலை மாட்ட வேண்டாம்.

அன்புடன்,
அப்பா